காலியாக ஓடிய மிக்ஸி

அண்ணி,

உங்கள் ஓவன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. புரட்டாசி கடைசியில் உங்கள் மகன் காரில் கொண்டுவந்து இறக்கினான். சென்னையிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் கார் ஏறி இறங்கினால் டிரைவரைத் திட்டிக்கொண்டு வருவீர்களே, அந்த மரியாதை எல்லாம் இப்போது இல்லை. டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கிடந்தது. "ஆஸ்பத்திரில இருக்கும்போதே அம்மா சொல்லிட்டாங்க அத்தை. 'ஓவன பத்மாகிட்ட குடு, அவ நேரத்துக்கு எடுப்பா'ன்னாங்க" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

பெட்டியைப் பிரித்து, அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். உள்ளே சுவரெல்லாம் பழுப்பாக வெண்ணெய் தெறித்துக் காய்ந்திருந்தது. இரண்டு வருடத்து வெண்ணெய். நீங்கள் ஒரு நாளும் அதைத் துடைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் துடைத்தது நான். கடைசி இரண்டு வருடம் நீங்கள் வராததால் அதுவும் இல்லை. கருகிய வெண்ணெய் வாசம் முகத்தில் அடித்ததும் மாமா, உங்கள் அப்பா, நினைவு வந்தது. அதற்கு அடுத்துதான் நீங்கள்.

உங்களுடைய பதினாறாம் நாளன்று எல்லோரும் உங்கள் கைமணத்தைப் பற்றிப் பேசினார்கள். அன்னம் இட்ட கை, ஆசையாகச் செய்யும் கை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் மூலையில் உட்கார்ந்து டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மனிதர் போன பிறகு அவரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டுமாம். அது முடியாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. இன்று தீபாவளி. இப்போது உங்களிடமே சொல்கிறேன்.

நீங்கள் ஒரு முறை வெளிநாடு போனீர்கள். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் டூர். அதில் பாரிஸ் ஒன்றரை நாள். ஹோட்டலில் காலைப் பலகாரத்துக்கு வைத்த க்ரோசான் என்கிற வெண்ணெய் அடுக்கு ரொட்டியில் இரண்டைப் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்ததாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அந்த ஒன்றரை நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எதைப் போட்டாலும் உங்களுக்கு 'ஹெவி'. அதிரசம் ஹெவி. முறுக்கு ஹெவி. வெண்ணெயும் சீஸும் மைதாவுமாக நீங்கள் செய்த க்ரோசான் மட்டும் லைட். அதை ஒரு கணக்கு டீச்சரான என்னிடம் நிமிர்ந்து நின்று சொல்வீர்கள்.

"இருவது நிமிஷம் பத்மா, அவ்ளோதான். நீ அதிரசத்துக்கு மூணு நாளு மாவு வெச்சிக்கினு ஒக்காந்திருக்கியே, தேவையா?" என்பீர்கள். நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்பது தீபாவளியில் ஒரு தடவையாவது அந்த இருபது நிமிடம் இரண்டு மணி நேரத்துக்குக் கீழே போனதில்லை. கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கடிகாரத்தையே உங்களைப் பார்த்து நடக்கச் சொல்லும் ஆள்.

வேறு வீடாக இருந்தால் அது வெறும் சிரிப்புக்கு ஆகியிருக்கும். நம் வீட்டில் ஆகாது. நாம் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை என்பதை என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, என்றைக்கோ கைவிட்டுவிட்டார், ஒன்பது மணிக்கு தோசை கேட்பார். நீங்கள் சென்னையில் எப்போது வேண்டுமானாலும் சாப்பிட்டீர்கள். ஆனால் மாமா முப்பது வயதில் எடுத்த நோன்பை எண்பது வயதுவரை விடவில்லை. எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. தீபாவளி மட்டும், மகாவீரர் வீடு பெற்ற நாள் என்பதால், எல்லோரும் அவரோடு உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாட்டை முடிப்போம். அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் உங்கள் சமையல் அரங்கேற்றத்துக்கு எடுத்துக்கொண்டீர்கள்.

முதல் வருடம் மாமா உங்களிடம் கேட்டார், "ஈஸ்ட்டுன்னா என்னாம்மா? அது உயிர்தானே?" என்று. நீங்கள் உடனே ஈஸ்ட்டை விட்டுவிட்டு பேக்கிங் பவுடருக்கு மாறினீர்கள். அப்பா சொல்லைத் தட்டாத மகள் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். ஈஸ்ட் போட்டால் மாவு ஒரு ராத்திரி பொங்க வேண்டும், அதற்கு உங்களுக்குப் பொறுமை இல்லை என்பது எனக்கல்லவா தெரியும். முட்டை பூசும் இடத்தில் பாலைப் பூசினீர்கள். அதற்கு 'ஜெயின் க்ரோசான்' என்று பெயரும் வைத்தீர்கள். உங்கள் அவசரத்துக்கு மதத்தின் பெயரை வைத்த தைரியம் வேறு யாருக்கும் வராது.

மாமாவைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அவரை அதிகம் கவனித்ததில்லை. தென்னேரிப் பக்கம் முப்பத்தைந்து வருடம் அரிசி மில் நடத்தினவர். மில்லை விற்றுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு எங்களோடு வந்த பிறகும் காது மட்டும் மில்லிலேயே இருந்தது. அறையில் படுத்துக்கொண்டே, "மாவு பதத்துக்கு வந்துடுச்சும்மா, கிரைண்டர நிறுத்து" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். மில்லில் மெஷின் நெல் இல்லாமல் ஓடினால், வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தாலும் திரும்பாமலே, "காலியா ஓடுதுப்பா, நிறுத்து" என்று குரல் கொடுப்பாராம். உங்கள் தம்பி அதை நடித்துக் காட்டுவார், நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால்தான் மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி. ஆபரேஷன் ஆன கண் இன்னும் தெளியவில்லை, ஆகாத மற்றக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. விடியற்காலையிலிருந்து தூறல், சூரியன் முகத்தையே காட்டவில்லை. நனைந்துபோனதால் தெருவில் வெடிச் சத்தமும் இல்லை. குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து அவர் அரை மணிக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு மணி கேட்டுக்கொண்டிருந்தார். பின் தெருப் பள்ளிவாசலில் பொழுது சாயும் நேரத்துக்குப் பாங்கு சொல்வார்கள் இல்லையா, அதுதான் எத்தனையோ வருடமாக அவருக்குக் கணக்கு. "பாங்கு சொல்றதுக்குள்ள என் தட்டு கழுவி இருக்கணும்மா" என்பார்.

சர்க்கரைக்கு ஐந்து மணிக்கு அவருக்கு இன்சுலின் ஊசி போடுவேன். போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். நான்கு இட்லியும் எள்ளுப்பொடியும் ஹாட்பாக்ஸில் தயாராக இருந்தன. தினமும் நடக்கிற வேலை, அதில் பிசகு வந்ததில்லை.

நீங்கள் பதினோரு மணிக்கு ஓவனோடு வந்தீர்கள். சீஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இதுல கன்னுக்குட்டி வயித்துல இருக்கறது எதுனா சேத்திருப்பாங்களா அண்ணி?" என்று கேட்டேன். "பச்சைப் புள்ளி போட்டிருக்குது பாரு. படிச்சவதானே நீ?" என்றீர்கள். சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள். மூன்றரைக்கு எழுந்து வந்து, செல்போனைச் சாய்த்துவைக்க என் மசாலா டப்பாக்களை அடுக்கினீர்கள். அதற்குப் பிறகுதான் மைதா.

உறைந்த வெண்ணெயை நீங்கள் துருவவில்லை, நான் துருவினேன். விரல் மரத்துப்போனது. தயிர் விட்டுப் பிசைந்தது நான். தேய்த்து, மூன்றாக மடித்து, ஃப்ரீசரில் வைத்து எடுத்து, மறுபடி தேய்த்து மடிக்க வேண்டும். அதற்கு உங்கள் தம்பியைக் கூப்பிட்டீர்கள். புடவைக் கடையில் நாள் முழுக்கப் பட்டுப் புடவையை விரித்துக் காட்டி மடித்துவைக்கிற மனிதர். ஓரத்தோடு ஓரம் வைத்து, புறங்கையால் ஒரு நீவு நீவி, கச்சிதமாக மடித்தார். "கடையில மடிக்கற மாதிரியே மடிக்கற, இது மாவுடா" என்று அவர் கையைத் தட்டிவிட்டு, மீதியை நீங்களே கசக்கி மடித்தீர்கள். வீடியோவில் உங்கள் கைதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்க் கையைக் கழுவினார். நல்ல மனிதர், உங்கள் கூடப் பிறந்தவர் என்று நம்பவே முடியாது.

முக்கோணமாக வெட்டி, சீஸ் துண்டு வைத்துச் சுருட்டி, முனைகளை வளைத்து, முதல் தட்டை உள்ளே வைத்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிடம். அது உங்கள் கசங்கல் மாவு. ஐந்தேகாலுக்கு எடுத்தபோது வெண்ணெய் எல்லாம் தட்டில் ஓடிக் கொதித்துக்கொண்டிருந்தது, க்ரோசான்கள் மிதித்த செருப்பு மாதிரி கிடந்தன. தின்ன முடியாதது இல்லை. கண்ணுக்கு அழகில்லை, அவ்வளவுதான்.

"இதையா அப்பாவுக்குக் குடுக்கறது? சீ" என்று அந்தத் தட்டை அப்படியே அலமாரிக்குள் தள்ளினீர்கள். மூன்று நாள் கழித்து எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தேன். "தம்பி மடிச்ச மாவு இருக்குது, அடுத்த தட்டு நல்லா வரும். அதுவரைக்கும் அப்பாவுக்கு எதுவும் குடுக்காத பத்மா. மொதல்ல என்னுதத்தான் சாப்பிடணும்."

"சரி அண்ணி" என்றேன். உங்கள் சொல்லை நான் அவ்வளவு பணிவாகக் கேட்ட நாள் அது ஒன்றுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது தட்டு உள்ளே போனபோது ஐந்து இருபத்தேழு. காலண்டர் தாளில் அன்றைய அஸ்தமனம் ஐந்து நாற்பத்து மூன்று என்று போட்டிருந்தது. மாமா கூடத்தில் சாப்பாட்டு மேசை முன்னால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆச்சாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "தோ, அஞ்சு நிமிஷம்பா" என்று இரண்டு தடவையும் சொன்னீர்கள். ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, உள்ளே மாவு உப்புவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் உங்கள் முகம் மாறியது.

ஒலிபெருக்கி போடும்போது முதலில் கர் என்று ஒரு சத்தம் வரும். அது வந்தது. ஒரே எட்டில் போய் மிக்ஸியைத் திருகினீர்கள். மூன்றாம் நம்பரில். ஜாரில் ஒன்றும் இல்லை. காலி ஜார், காய்ந்த ஜார், மூடியை மட்டும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே தேங்காய் துள்ளுவது போல நின்றீர்கள். பாங்கு முடியும்வரை மூன்று நிமிடம் ஓட்டினீர்கள். மோட்டார் சூடாகி ரப்பர் வாசம் கிளம்பியது. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தூரத்தில் நின்றேன். பெற்ற தகப்பனின் ஐம்பது வருட நோன்பை ஒரு சட்னி ஜாரால் மூடிவிடலாம் என்று நினைக்க எவ்வளவு அற்பமான மனசு வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஐந்து ஐம்பத்து இரண்டுக்குத் தட்டை எடுத்தீர்கள். அழகாகத்தான் வந்திருந்தது. உங்கள் தம்பி மடித்த மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. ஒரு பீங்கான் தட்டில் இரண்டை வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனீர்கள். நான் பின்னால் வந்தேன்.

மாமாவின் கை மேசை விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் பொடிப் பொடியாக வேர்வை. ஊசி போட்டு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"மணி என்னாம்மா ஆவுது?" என்று கேட்டார்.

"அஞ்சரைகூட ஆவலப்பா. மழை, அதான் இருட்டிக்கினு இருக்குது" என்றீர்கள்.

அவர் அந்தக் கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். "பத்மா, நீ சொல்லும்மா. மணி என்னா?"

கடிகாரம் அவர் தலைக்கு மேலே, எனக்கு நேராக இருந்தது. ஐந்து ஐம்பத்து நாலு. நான் அவர் கையைப் பார்த்தேன். "ஆமா மாமா, அஞ்சரைதான்" என்றேன்.

"நீ சொன்னா சரிம்மா" என்று சொல்லி, தட்டைத் தடவி ஒன்றை எடுத்தார். அதன் வளைவை விரலால் பார்த்தார். "பிறை மாதிரி பண்ணியிருக்காளே. கோயில்ல சுவாமி முன்னால அரிசில கோலமா வெக்கறோமே, அந்தப் பிறை." இரண்டையும் சாப்பிட்டார். "வெண்ணெய் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லா இருக்குதும்மா." நீங்கள் அதை வீடியோ எடுத்தீர்கள்.

மறுநாள் காலையில் நீங்கள் கிளம்பிப் போன பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயந்திரம் மிக்ஸில என்னாம்மா அரைச்சீங்க?"

"சட்னி மாமா" என்றேன். ஒரு நாளுக்குள் இரண்டாவது பொய்.

"சட்னி வெக்கலியே. காலியா ஓடிச்சிம்மா. எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். "இனிமே எனக்கு வெண்ணெய் நெய் எதுவும் போடாதம்மா. நோன்பு தவறினதுக்கு ஈடா விட்டுட்டேன்" என்றார். "அவகிட்ட சொல்லிக்காத. ஆசையா பண்ணா. சொல்லமாட்டேன்னு சொல்லு." சொல்லமாட்டேன் என்றேன்.

மாசியில் மாமா போனார். அந்த நான்கு மாதமும் சோற்றில் ஒரு சொட்டு நெய் விடவில்லை. பொங்கலன்று வெண்பொங்கலை நெய் இல்லாமல் தனியாக எடுத்துவைத்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, "நான்தான் போன்ல சொன்னேன், கொலஸ்ட்ரால் ஏறும், நெய்ய விடுங்கன்னு. நான் சொன்னா கேட்டுப்பார்" என்று வந்தவர்களிடம் சொன்னீர்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவருடைய காரியத்தன்று, "கடைசித் தீபாவளிக்கு எங்கப்பா என் கையாலதான் சாப்பிட்டார்" என்று அழுதீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் குடும்பக் குழுவில் அந்த வீடியோவை அனுப்பினீர்கள். எல்லோரும் கைகூப்பும் படம் போடுவார்கள். மாமா சாப்பிடுகிறார், தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஆறு ஆக ஐந்து நிமிடம் காட்டுகிறது. இருபத்து மூன்று பேர் இருக்கிற குழுவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நான் ஒவ்வொரு வருடமும் படத்தைப் பெரிதாக்கி அந்த முள்ளைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு உங்களை நன்றாக இகழ்ந்துகொள்வேன். அது எனக்குத் தீபாவளிப் பலகாரம் போல ஆகிவிட்டது.

போன வருடம் நீங்கள் அனுப்பிய வீடியோவில் கடிகாரம் இல்லை. மேலே வெட்டியிருந்தீர்கள். மாமாவின் நெற்றிகூடப் பாதிதான் தெரிந்தது.

ஆக, உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போது கண்ணில் பட்டதோ. வெட்டத் தெரிந்த உங்களுக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கை நான் அன்றே மீறியிருப்பேன். 'அவ நேரத்துக்கு எடுப்பா' என்று மகனிடம் சொல்லி அனுப்பியது மன்னிப்பா, கடைசியாக ஒரு குத்தா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களைத் தெரிந்த வரையில் குத்தாகத்தான் இருக்கும். அப்படி இருந்தாலும் சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறீர்கள்.

அந்த 'சரி அண்ணி'க்கு வருகிறேன். மாமாவின் கை நடுங்கியது, சர்க்கரை இறங்கியிருந்தால் ஆபத்து, அதனால் பொய் சொன்னேன் என்று ஆறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய் அப்படித்தான். ஆனால் அதற்கு அரை மணி நேரம் முன்னால் என் கை நடுங்கவில்லை. ஐந்தேகாலுக்கே எனக்குத் தெரியும். இரண்டாவது தட்டு உள்ளே போக வேண்டும், இருபத்தைந்து நிமிடம் வேக வேண்டும், அஸ்தமனம் நாற்பத்து மூன்று. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூட்டிச் சொல்லிவிடும். ஹாட்பாக்ஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நான்கு இட்லியைத் தட்டில் வைத்து, "மாமா, நேரமாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. உங்கள் இருபது நிமிடம் எல்லோர் முன்னாலும் நாறட்டும் என்று காத்திருந்தேன். பொழுது சாயும், மாமா தட்டைத் தள்ளிவைப்பார், உங்கள் முகம் தொங்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அத்தனை வருடம் என் அதிரசத்தை ஹெவி என்றதற்கு அது போதும் என்று நினைத்தேன். நீங்கள் மிக்ஸியைத் திருகுவீர்கள் என்றோ, மாமா என்னைத் திரும்பிக் கேட்பார் என்றோ நான் நினைக்கவில்லை. உங்களை இகழ்வதற்கு எனக்கு ஒரு தீபாவளி வேண்டியிருந்தது. அதற்கு ஆன செலவை மாமா கட்டினார், உங்கள் பெருமைக்கும் என் வன்மத்துக்கும் சேர்த்து. இதை அவரிடம் சொல்லவில்லை. மிக்ஸி காலியாக ஓடியதைக் கண்டுபிடித்த மனிதருக்கு ஹாட்பாக்ஸ் மட்டும் தெரியாமலா இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். அன்றைக்கெல்லாம் எனக்கு எதுவும் ஓடாது.

இன்று உங்கள் ஓவனில்தான் செய்தேன். மகள் கேட்டாள், அத்தை செய்கிற மாதிரி வேண்டும் என்று. ஒன்றரை மணிக்கே தொடங்கினேன். மாவை உங்கள் தம்பியைத்தான் மடிக்கச் சொன்னேன், கடையில் மடிக்கிற மாதிரியே. மூன்றேகாலுக்குத் தட்டு வெளியே வந்துவிட்டது. வெண்ணெய் ஒழுகவில்லை. அடுக்கடுக்காக, பொன்னிறமாக வந்தது. உங்களுடையதைவிட நன்றாக இருந்தது, அண்ணி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கரைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். மகள் வீடியோ எடுத்தாள். கடிகாரம் விழுகிற மாதிரி எடு என்றேன். ஏன் என்று கேட்டாள், சும்மா என்றேன். நான் சாப்பிடவில்லை. மாமா போனதிலிருந்து வெண்ணெய் எனக்கு இறங்குவதில்லை.

சாயங்காலம் நாளைக்கு வேண்டிய மிளகாய்ப்பொடி அரைத்துக்கொண்டிருந்தேன். கர் என்று ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறு வருடமாக அப்படித்தான். அந்த நேரத்துக்கு எந்த மெஷினும் இந்த வீட்டில் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ் இதைக் கவனித்துவைத்திருக்கிறாள். போன மாதம் தெருவில் நாலு பெண்கள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாங்கு சொன்னா பத்மாக்கா மிக்ஸிய அப்படியே நிறுத்திடுவாங்கமா. அந்த மரியாதை யாருக்கு வரும்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

பத்மா